மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டுப் பாலில் தயிர் உறையவில்லை, ஏன்?

கொடுமுடிக்காரன்
எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்கள் வீட்டில் நான்கு கறவை மாடுகள். அதில் ஒரு ஜெர்சி கலப்புக்குப் பின்காம்பு ஒன்றில் மடிநோய் வந்துவிட்டது. பால் திரிதிரியாக வந்தது, மடி கல்லாக இறுகிவிட்டது, கை வைத்தால் உதை. ஊரில் ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டு ஊசியும் போட்டு, காம்புக்குள் ட்யூப் மருந்தும் ஏற்றினோம். இரண்டாம் நாளே பால் தெளிந்தது.

நோய் இல்லாத மூன்று காம்புப் பாலை வீட்டுக்கு எடுத்துக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்றினோம். காலையில் பார்த்தால் பால் பாலாகவே கிடக்கிறது. உறைமோர்தான் கெட்டுவிட்டதோ என்று அதே உறைமோரைப் பக்கத்து வீட்டுப் பாலில் ஊற்றிப் பார்த்தோம், கத்தி வைத்து வெட்டுகிற மாதிரி உறைந்தது. அப்படியென்றால் மருந்துதான் காரணமா? காய்ச்சிய பால்தானே, காம்பும் வேறுதானே?

இன்னொன்று. பாலில் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறது என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. அதுவும் இதுவும் ஒன்றா?

மாட்டு டாக்டர்
மருந்துதான் காரணம். ஒரு காம்பில் ஏற்றியது அந்தக் காம்போடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து மற்ற மூன்று காம்புப் பாலிலும் வரும். நீங்கள் தசையிலோ நரம்பிலோ ஊசியும் போட்டிருக்கிறீர்கள், கேட்கவே வேண்டாம். அதனால்தான் மருந்துப் பெட்டியில் நான்கு காம்புப் பாலையும் கொட்டச் சொல்லிப் போட்டிருப்பார்கள்.

தயிரை உறைய வைப்பவையும் கிருமிகள்தான், லாக்டிக் அமிலம் சுரப்பவை. பெனிசிலின் வகை மருந்து துளி இருந்தாலும் அவற்றுக்கு ஆகாது. பாலில் பெனிசிலின் லிட்டருக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேச அளவு. காம்பில் மருந்து ஏற்றிய முதல் சில கறவைகளில் அதைப் போலப் பல மடங்கு வரும். உறைமோர் என்ன செய்யும், பாவம்.

காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து சாகாது. பெனிசிலின் கொஞ்சம் குறையலாம், டெட்ராசைக்ளின் இன்னும் கொஞ்சம் குறையலாம், என்ரோஃப்ளாக்சசின் போன்றவை அப்படியே இருக்கும். கொதிக்க வைத்துவிட்டோம் என்ற தைரியம் இந்த விஷயத்தில் வேண்டாம்.

என்ன ஊசி போட்டார்? காலிக் குப்பி கிடந்தால் பெயரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கொடுமுடிக்காரன்
குப்பி தொழுவத்துச் சன்னலில்தான் இருக்கிறது. செஃப்ட்ரையாக்சோன், 3 கிராம் என்று போட்டிருக்கிறது. ட்யூப் அட்டை மழையில் நனைந்து எழுத்துப் போய்விட்டது.

பாலை எத்தனை நாளைக்கு ஊற்றக் கூடாது டாக்டர்? எங்கள் பக்கம் யாரும் நிறுத்துவதில்லை. திரி போய்விட்டால் மறுவேளையே கேனில் ஊற்றிவிடுவார்கள்.

மாட்டு டாக்டர்
பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்குதான் கணக்கு. ஒன்றும் போடவில்லை என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 7 நாள். 2012இல் மருந்து விதிகளில் சேர்த்தார்கள்: பால், முட்டைக்கு 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். விதி வந்து இத்தனை வருடம் ஆகியும் ஊரில் ஊசி போடுகிறவர் இதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

செஃப்ட்ரையாக்சோன் என்றதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, உங்கள் மேல் இல்லை. டைபாய்டுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரியில் மனிதருக்கு ஏற்றுகிற அதே ஊசி அது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாடிக் வகை. மனித மருத்துவத்துக்கு மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகக் குறித்து வைத்திருக்கும் பட்டியலில் இருப்பது. நம் ஊரில் மாட்டுக்குக் காய்ச்சல் என்றாலே முதல் ஊசி அதுதான். காரணம் சுலபம்: கேட்டவுடன் கடையில் கிடைக்கிறது, வேகமாகக் கேட்கிறது.

கொடுமுடிக்காரன்
சரி டாக்டர், கணக்கையும் பார்த்துவிடுவோம். இந்த மாடு வேளைக்கு ஐந்து லிட்டர். ஏழு நாளைக்கு 70 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 2,450 ரூபாய். ஊசி போட்ட நாட்களையும் சேர்த்தால் இன்னும் ஏறும். ஊசிக்காரருக்கும் மருந்துக்கும் கொடுத்தது தனி. அதைச் சாக்கடையில் ஊற்று என்றால் எந்தச் சம்சாரிக்கு மனசு வரும்? மருந்துப் பாலை நான் கன்றுக்குத்தான் விடுகிறேன். வீணாகவில்லை என்று ஒரு ஆறுதல்.

மாட்டு டாக்டர்
கன்றுக்கு விடாதீர்கள். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதிலே அங்கேதான் இருக்கிறது. குறைந்த அளவு மருந்து தினமும் குடலுக்குள் போனால் மருந்துக்குச் சாகிற கிருமி செத்து, சாகாதது மட்டும் தங்கிப் பெருகும். அந்தக் கன்று போடும் சாணத்தில் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்ற குடல் கிருமி வெளியே வரும். சாணம் குப்பைமேட்டுக்கு, அங்கிருந்து வயலுக்கு, கறக்கிறவர் கைக்கு, மறுபடியும் மடிக்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் இதை மட்டும் எடுத்து ஆராய்ந்து, மருந்துப் பாலைக் குடித்த கன்றுகளின் சாணத்தில் அடங்காத கிருமி கூடுகிறது என்று சொல்லியிருக்கிறது.

இரண்டு பிள்ளை அம்மா
இதைப் படித்துவிட்டுக் கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்! நாங்கள் சென்னையில் பாக்கெட் பால்தான். பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு டம்ளர். எல்லாப் பாலிலும் இப்படி மருந்து இருக்கிறதா? தயிர் உறைந்தால் அந்தப் பாலில் மருந்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

நுண்ணுயிரி நங்கை
அம்மா, காபியைக் குடியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரி எடுத்தது. அனுமதித்த அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தவை 77. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். பல மாட்டுப் பால் ஒன்றாகக் கலப்பதால் அளவு நீர்த்துவிடுகிறது என்பதும் இதில் இருக்கிறது, அதனால் இந்த எண்ணைப் பார்த்துப் பண்ணைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் டம்ளரைப் பற்றிய பதில் இதுதான்.

தயிர் உறைவது நல்ல அடையாளம், ஆனால் சான்றிதழ் இல்லை. பெனிசிலின் வகைக்கு உறைமோர் உடனே காட்டிக்கொடுக்கும். வேறு சில மருந்துகள் அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தாலும் தயிர் உறைந்துவிடும்.

நான் தயிர்க் கிருமிகளில்தான் ஆராய்ச்சி செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடி அண்ணா கேட்டது இரண்டு தனித்தனி விஷயம். பாலில் மருந்து மிச்சம் இருப்பது ஒன்று. மருந்துக்கு அடங்காத கிருமி பாலில் இருப்பது இன்னொன்று. முதலாவது காய்ச்சினாலும் போகாது, ஏழு நாள் பாலை நிறுத்தினால் போய்விடும். இரண்டாவது காய்ச்சினால் போய்விடும், ஆனால் ஏழு நாளில் தொழுவத்தை விட்டுப் போகாது. மக்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, காய்ச்சினால் போதும் என்றும், காய்ச்சியும் பயனில்லை என்றும் மாறி மாறிச் சண்டை போடுகிறார்கள்.

பாலைக் காய்ச்சிவிடலாம். தயிரையும் பாலாடைக்கட்டியையும் என்ன செய்வது? உயிருள்ள கிருமியோடுதான் சாப்பிடுகிறோம். 1997இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரைதான் இந்தத் துறையில் பலரைத் தூக்கிவாரிப்போட்டது. பச்சைப்பாலில் செய்த மென்மையான பாலாடைக்கட்டி ஒன்றிலிருந்து லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற சாதுவான கிருமியை விசென்ட் பெரெட்டன் குழு பிரித்தெடுத்தது. அதற்குள் ஒரு வளைய டி.என்.ஏ., அதாவது பிளாஸ்மிட். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிகால் மூன்றுக்கும் அடங்காத மரபணுக்கள் அதில் அடுக்கி இருந்தன. எங்கிருந்து வந்தவை என்று பார்த்தால், டெட்ராசைக்ளின் மரபணு லிஸ்டீரியாவில் இருப்பதைப் போலவே இருந்தது, மற்றவை ஸ்டஃபைலோகாக்கஸ் வகையறா. நோய்க் கிருமிகளும் நல்ல கிருமியும் எங்கோ ஒட்டி உறவாடிக் கைமாற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த நல்ல கிருமியால் யாருக்கும் நோய் வராது. ஆனால் அது குடலுக்குப் போகும் வழியில் சுமையோடு போகிறது, அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

எல்லா எதிர்ப்பும் இப்படிக் கைமாறுவதில்லை. லாக்டோபாசில்லஸ் வகைகள் பலவற்றுக்கு வான்கோமைசின் வேலை செய்யாது. அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் அவற்றின் செல் சுவரில் பிறவியிலேயே வேறு மாதிரி இருக்கிறது. பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி செய்த கதை. அது அடுத்த கிருமிக்குத் தாவாது. ‘தயிரில் வான்கோமைசினுக்கு அடங்காத கிருமி!’ என்று தலைப்பு வந்தால், பிறவிக் குணமா, வாங்கிய குணமா என்று முதலில் கேளுங்கள். தலைப்பு போட்டவருக்கும் அநேகமாகத் தெரிந்திருக்காது.

வாங்கிய குணத்தைக் கழற்றிவிட முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ரியூட்டரி என்று ஒரு புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லதென்று உயிரோடு விற்கும் கிருமி, உலகம் முழுக்க விற்றது. அதில் டெட்ராசைக்ளினுக்கும் லிங்கோமைசினுக்கும் எதிர்ப்பு தரும் பிளாஸ்மிட்டுகள் இரண்டு இருப்பது தெரிந்தது. இரண்டையும் நீக்கிவிட்டுப் புதிய வாரிசைத்தான் இப்போது விற்கிறார்கள். 2008இல் அந்த வேலை கட்டுரையாக வந்தது. தயிர்க் கம்பெனிகள் வாங்கும் உறைக் கிருமிக்கு இந்தச் சோதனை உண்டு. நம் வீட்டு உறைமோருக்கு யார் செய்வது? அதற்காக உறைமோரைக் கொட்டச் சொல்லவில்லை. நானும் பாட்டி வீட்டு உறைமோரில்தான் தயிர் போடுகிறேன்.

பச்சைப்பால் பிரியன்
இதெல்லாம் கம்பெனிகள் கிளப்பிவிடுகிற பயம். நாட்டு மாட்டுப் பாலைக் கறந்த சூட்டோடு குடித்த நம் முன்னோர்களுக்கு என்ன வந்தது? காய்ச்சிக் காய்ச்சி நல்ல கிருமியைக் கொன்றுவிட்டு மாத்திரையில் புரோபயாடிக் வாங்குகிறோம். வேடிக்கை.

மாட்டு டாக்டர்
முன்னோர்களுக்கு என்ன வந்தது என்றால், மாட்டுக் காசநோயும், மாட்டிடமிருந்து தொற்றும் புருசெல்லா காய்ச்சலும் வந்தன. பெயர் தெரியாமல் ‘விட்டு விட்டு வரும் காய்ச்சல்’ என்று படுத்துக் கிடந்தார்கள்.

பச்சைப்பாலுக்கும் இந்த இழைக்கும் நேரடித் தொடர்புள்ள ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் மாடுகளுக்குப் புருசெல்லா தடுப்பூசியாக ஆர்.பி.51 என்ற உயிருள்ள கிருமியைப் போடுகிறார்கள். நோய் உண்டாக்கும் வலு குறைத்தது. அதை உருவாக்கியதே ரிஃபாம்பிசின் மருந்தில் வளர்த்துத்தான், அதனால் அது ரிஃபாம்பிசினுக்கு அடங்காது, பெனிசிலினுக்கும் அடங்காது. சில மாடுகள் அந்தத் தடுப்பூசிக் கிருமியைப் பாலில் விடும். 2017இல் டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் பச்சைப்பால் குடித்தவர்களுக்கு அந்தக் கிருமியாலேயே காய்ச்சல் வந்தது. மனிதப் புருசெல்லாவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் இரண்டு மருந்தில் ஒன்று ரிஃபாம்பிசின். டாக்டருக்கு எவ்வளவு சங்கடம் பாருங்கள். இந்தியாவில் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது எஸ்-19 என்ற வேறு ரகம். ஆனாலும் காய்ச்சிக் குடியுங்கள் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

பச்சைப்பால் பிரியன்
தடுப்பூசியில் வந்த வினை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

மாட்டு டாக்டர்
காய்ச்சாததில் வந்த வினை. பாஸ்டரைஸ் செய்தால், அதாவது 72 டிகிரியில் 15 விநாடி, அந்தக் கிருமி செத்துப்போகும்.

நுண்ணுயிரி நங்கை
பழி எல்லாம் விவசாயி மேல் போகிறது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை, சொல்வதற்கு முன் இதையும் வைத்துவிடுகிறேன். 2007இல் இங்கிலாந்தின் தென்மேற்கே ஒரு பண்ணையின் தொட்டிப் பாலில் எடுத்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஒன்று பெனிசிலின் வகை மருந்தான மெதிசிலினுக்கு அடங்கவில்லை, ஆனால் வழக்கமான மெக்-ஏ மரபணுச் சோதனையில் பிடிபடவில்லை. கேம்பிரிட்ஜில் மார்க் ஹோம்ஸ் குழு 2011இல் புதிய மரபணுவைக் கண்டது, அதுதான் மெக்-சி. அப்போது எல்லோரும் மாட்டுக்குப் போட்ட ஊசியைத்தான் கைகாட்டினார்கள். 2022இல் அதே வட்டாரத்து ஆய்வாளர்கள் வேறு விடையோடு வந்தார்கள்: முள்ளெலி! அதன் தோலில் வளரும் ஒரு பூஞ்சை பெனிசிலின் மாதிரிப் பொருளைச் சுரக்கிறது. அதோடு சேர்ந்து வாழ வேண்டிய ஸ்டஃபைலோகாக்கஸ், மனிதன் பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு நூறு வருடத்துக்கு முன்பே எதிர்ப்பைச் சம்பாதித்துவிட்டது. மாட்டுக்கு வந்தது பிற்பாடு.

எதிர்ப்பு இயற்கையில் இருப்பதுதான். நாம் ஊசியால் செய்வது அதைப் பொறுக்கியெடுத்து வளர்ப்பது.

ஓய்வு பெற்ற சங்கச் செயலாளர்
வயதானவன், சுருக்கமாக எழுதத் தெரியாது. பால் சங்கத்தில் காலமெல்லாம் கேன் எண்ணியவன். காலையில் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் பாலிலும் பார்ப்பது கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருளான எஸ்.என்.எஃபும்தான். லாக்டோமீட்டரை விட்டுப் பார்ப்போம், மாதிரி எடுத்து மெஷினில் வைப்போம், சீட்டு வரும், அதுவே காசு. மருந்துச் சோதனை குளிர்விப்பு நிலையத்திலோ பால் பண்ணையிலோ டேங்கருக்கு வேண்டுமானால் நடக்கும். டேங்கரில் மருந்து இருக்கிறது என்று தெரிந்தால் எந்த ஊர், எந்த மாடு என்று எப்படித் தேடுவது? ஒருவர் ஊற்றிய பாலுக்கு ஊரே நட்டப்படும்.

நான் ஒரு பயிற்சியில் அந்தச் சோதனையைப் பார்த்தேன். சிறு குப்பியில் ஊதா நிற ஜெல்லி. அதற்குள் சூட்டைத் தாங்கும் ஒரு கிருமியை விதையாக வைத்திருக்கிறார்கள். சொட்டுப் பாலை விட்டு 64 டிகிரி சூட்டில் வைத்தால் சுமார் மூன்று மணி நேரத்தில் அந்தக் கிருமி வளர்ந்து அமிலம் விட்டு ஜெல்லி மஞ்சளாகும். பாலில் மருந்து இருந்தால் கிருமி வளராது, ஊதா ஊதாவாகவே இருக்கும். மூன்று மணி நேரம் உறுப்பினர்களை வரிசையில் நிற்கவைக்க முடியுமா சொல்லுங்கள். பால் அதற்குள் திரைந்தே போகும்.

ஆகவே சோதனையால் பிடிப்பதைவிட, மடிநோய்ப் பாலை நிறுத்தும் உறுப்பினருக்குச் சங்கம் ஏழு நாள் பாதி விலையாவது கொடுத்துவிடலாம் என்று நான் ஒரு கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். ஒரு டேங்கரைத் திருப்பி அனுப்பினால் போகும் காசை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

கொடுமுடிக்காரன்
ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. பாதி விலை வந்தால் நான் ஏன் மறைக்கிறேன்?

டெல்டா கதிர்
கற்றாழை வைத்தியத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லையே! சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மைய அரைத்து, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை, ஐந்து நாள். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி ஐயா சொன்ன முறை. தேசியப் பால்வள வாரியமே வீடியோ போட்டு நாடு முழுக்கப் பரப்புகிறது. எங்கள் மாட்டுக்குக் கேட்டிருக்கிறது.

மாட்டு டாக்டர்
நானும் சொல்கிறேன், மடி வீங்கத் தொடங்கும்போதே. பத்து தடவை பூச ஆள் இருக்கிற வீட்டில் நன்றாகவே கேட்கிறது. நம் ஆட்கள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பூசிவிட்டுக் கேட்கவில்லை என்பார்கள். ஆனால் மாடு தீனி எடுக்காமல் படுத்துவிட்டாலோ, காய்ச்சல் ஏறினாலோ, காம்பு நீலம் பூத்துச் சில்லென்று ஆனாலோ கற்றாழையை அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அங்கே ஊசிதான், அதுவும் அன்றைக்கே.

இரண்டு பிள்ளை அம்மா
நங்கை, அந்த 2018 கணக்கெடுப்பைத் தேடிப் பார்த்தேன். அதில் அஃப்லடாக்சின் என்று இன்னொன்று இருக்கிறதே, 368 மாதிரியில்! தமிழ்நாடுதான் முதலிடம், 88. இதற்குப் பயப்பட வேண்டாமா?

நுண்ணுயிரி நங்கை
அதற்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கும் சோளமும் தின்ற மாட்டின் பாலில் வரும் பூஞ்சை நஞ்சு அது, காய்ச்சினாலும் போகாது. ஆனால் அது ஆன்டிபயாடிக் கதை இல்லை.

நெறியாளர்
அஃப்லடாக்சினுக்குத் தனி இழை தொடங்குங்கள், தீவனம் பகுதியில். பச்சைப்பால் பிரியன், தடுப்பூசி எதிர்ப்புச் சுட்டிகள் மூன்றை நீக்கியிருக்கிறேன்.

கொடுமுடிக்காரன்
டாக்டர், கடைசியாக ஒன்று. அந்த மாடு மறுபடி அதே காம்பில் திரி விடுகிறது. தெளிந்த பால் திரும்பக் கெட்டுவிட்டது. ஊசிக்காரர் ‘இந்தத் தடவை டோஸைக் கூட்டிப் போடுவோம்’ என்கிறார். போடலாமா?

மாட்டு டாக்டர்
வேண்டாம். திரும்ப வருகிறது என்றாலே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அது மடித் திசுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும், மருந்து அங்கே சரியாக எட்டாது. பெனிசிலினைச் சிதைக்கும் ரகமும் அதில் ஏராளம். அதுவே ஈ.கோலையாக இருந்து, மாடு நன்றாகத் தின்று அசைபோடுகிறது என்றால், பல சமயம் மாட்டின் உடம்பே கிருமியை விரட்டிவிடும், ஊசியே தேவைப்படாது. எது என்று தெரியாமல் டோஸைக் கூட்டினால் நட்டம் உங்களுக்கு.

பாலைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த ஊசிக்கு முன்னால் எடுக்க வேண்டும், இதுதான் முக்கியம். மடியைக் கழுவித் துடைத்து ஈரம் போகக் காயவிடுங்கள். முதல் நாலைந்து பீய்ச்சலைக் கீழே விடுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள், பஞ்சில் அழுக்கு வராத வரை. ஆய்வகத்தில் கொடுத்த கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து இரண்டு பீய்ச்சல். மூடியின் உள்பக்கத்தில் விரல் படக் கூடாது. மாட்டின் அடையாளமும் காம்பும் எழுதி, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்தால் பாட்டிலில் இருந்த கிருமிக்குத்தான் ரிசல்ட் வரும்.

கொடுமுடிக்காரன்
சரிங்க டாக்டர். ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கிவிடுகிறேன். நாமக்கல்லில் கொடுத்தால் பார்ப்பார்களா? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

மாட்டு டாக்டர்
நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். நாளைக்கு வேண்டாம், திங்கள் காலைக் கறவையில் எடுத்து நேராகக் கொண்டு போங்கள். குப்பி எங்கே வாங்குவது என்று முதலில் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அதுவரை அந்தக் காம்பைக் கடைசியாகக் கறங்கள், மற்ற மாடுகளை முடித்த பிறகு. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுங்கள், மருந்தைப் பேசிக்கொள்வோம்.